கழற்றியதற்கும் கணக்கு எழுதுங்கள்

"ஆயில் கூலரா? அதெல்லாம் நம்ம ஊருக்குத் தேவையே இல்லை சார்."

இந்த வாக்கியத்தைக் கடந்த ஒரு வருடத்தில் நான்கு பட்டறைகளில் கேட்டுவிட்டேன். நான்கு பேரும் ஒரே குரலில், ஒரே அலட்சியத்தோடு சொன்னார்கள். காரணம் கேட்டால், "குளிர் தேசத்துக்காரன் வைத்தது, நமக்கு எதற்கு?" என்கிறார்கள். மே மாதம் அக்கினி நட்சத்திரத்தில், தார் ரோடு உருகும் ஊரில் நின்றுகொண்டு, எண்ணெயைக் குளிர வைக்கும் சாமான் குளிர் தேசத்துக்குத்தான் வேண்டும், நமக்கு வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். எதிரே நிற்பவரும் தலையை ஆட்டிவிட்டுப் பணம் கட்டுகிறார். இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் மெக்கானிக் இல்லை. 34 வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். ஆனால் என் தங்கை மகனின் காரில் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை கூட இருந்து பார்த்தேன். பில்களையும் ஒன்றுவிடாமல் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய காரில் வேறு இன்ஜின் மாற்றும் எண்ணம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

அவனிடம் இருப்பது அவன் அப்பா விட்டுச் சென்ற அம்பாசிடர். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் தேய்ந்து புகை தள்ள ஆரம்பித்ததும், விற்க மனமில்லாமல், ஜப்பானிய 2 லிட்டர் டர்போ டீசல் இன்ஜின் ஒன்றைப் பிடித்துப் போட்டான். பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே மனு கொடுத்து ஒப்புதல் வாங்கியிருந்தான். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை.

குறை பட்டறையில் நடந்தது. அந்த டீசல் இன்ஜினில் பிளாக்குக்கும் ஆயில் ஃபில்டருக்கும் நடுவே இரண்டு விரல் கனத்தில் ஓர் ஆயில் கூலர் உண்டு. ஒரு பக்கம் எண்ணெய் ஓடும், மறுபக்கம் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும். அம்பாசிடரின் வயிற்றில் இன்ஜினை இறக்கியபோது ஃபில்டர் போய் ஸ்டியரிங் தண்டில் இடித்தது. பட்டறைக்காரர் என்ன செய்தார்? கூலரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபில்டரை நேராக பிளாக்கிலேயே திருகிவிட்டார். அதற்குப் போன இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கிளிப் போட்டு முடித்தார். அரை மணி நேர வேலை. இடிக்கவில்லை, வண்டி ஸ்டார்ட் ஆயிற்று, எல்லோருக்கும் சந்தோஷம்.

பில்லில் 17 வரிகள். மவுண்டிங் ரப்பர், பெல்ட், ஹோஸ், வயரிங், வெல்டிங், லேத் கூலி, பையன்களின் டீச்செலவு வரை இருக்கிறது. ஆயில் கூலர் கழற்றப்பட்டது என்று ஒரு வரி கிடையாது. வாயாலும் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

தெரிந்த விதத்தையும் சொல்கிறேன். மே மாதம் ஏற்காட்டுக்குக் கிளம்பினார்கள். வண்டியில் 68 வயது தங்கை, மருமகள், மூன்று பிள்ளைகள், ஓட்டியவன் அவன். சேலம் தாண்டி மலை ஏறும்போது மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏசி போட்டு, இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டியில், 14-ஆவது வளைவில் வேகம் குறைந்த நொடி ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்கியது. நல்லவேளை, அவன் பார்த்துவிட்டான். ஓரமாக நிறுத்தினான். ஒரு மணி நேரம் ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்தால் விளக்கு அணைந்துவிட்டது. அரைக் கிலோமீட்டர் போனதும் மறுபடி எரிந்தது. "மாமா, ஓட்டட்டுமா, வேண்டாமா?" என்று எனக்குப் போன் செய்தான். ஓட்டாதே, இறங்கி நில் என்றேன். வண்டியைக் கட்டி இழுத்துக் கீழே கொண்டுவந்தார்கள்.

அந்த விளக்கைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் அழுத்தம் குறைய ஆரம்பிக்கும்போது அது எரியாது. ஏறத்தாழ ஒன்றுமே மிச்சமில்லை என்ற நிலைக்கு வந்த பிறகுதான் எரியும். அதைக் கண்ட பிறகும் "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்று ஓட்டுபவர்கள் நம்மில் நிறையப் பேர். மலைப்பாதை வளைவில், பின்னால் பஸ் வரும்போது, இன்ஜின் இறுகி நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

புதுச்சேரிக்குக் கொண்டுவந்து வேறொரு பட்டறையில் பிரித்தோம். அங்கே இருப்பவர் என் வயதுக்காரர், பேசுவது குறைவு. ஆயில் பம்பை அளந்தார், சரியாக இருந்தது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வைப் பார்த்தார், அதுவும் சரி. 4,000 கிலோமீட்டர்தான் ஓடிய எண்ணெய் தாரைப் போலக் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. பேரிங்குகளில் மேல் பூச்சு போய் நான்கிலும் செம்பு தெரிந்தது. ஃபில்டர் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, "முசே, இங்கே ஒரு சாமான் இருந்திருக்கணுமே, எங்கே?" என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

க்ராங்க் கிரைண்டிங், புது பேரிங், கேஸ்கெட், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 78,000 ரூபாய். கழற்றி எறிந்த கூலரைப் புதிதாக வாங்கினால் 6,500 ரூபாய்.

முதல் பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டோம். அவர் சொன்ன பதில்கள் பொதுவாக எல்லாப் பட்டறைகளிலும் சொல்லப்படுபவை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பதில்: "அம்பாசிடர்ல எந்தக் காலத்துல சார் ஆயில் கூலர் இருந்தது?" உண்மைதான், இருந்ததில்லை. அந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினின் சக்தி ஏறத்தாழ 50 குதிரை, டர்போவும் கிடையாது. அந்த வேலைக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியில் படும் காற்றே போதும். ஆனால் இதே இன்ஜினின் அண்ணன், 1798 சி.சி., இங்கிலாந்தில் எம்.ஜி.பி. காரில் வந்தபோது அதன் முன்னால் ஆயில் கூலர் வைத்தார்கள். ஆக, இங்கிலாந்தின் குளிரில் ஓடிய அண்ணனுக்கே தேவைப்பட்டது. வேலை கூடினால் சூடு கூடும், அவ்வளவுதான் கணக்கு. காரின் பெயர் அம்பாசிடர் என்பதால் உள்ளே இருக்கும் டர்போ டீசல் அம்பாசிடர் இன்ஜின் ஆகிவிடாது.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். ஒரு பக்கம் வெளியேறும் நெருப்புப் புகை. பழைய டர்போக்கள் பலவற்றில் அந்தத் தண்டைத் தாங்குவதும் எண்ணெய்தான், ஆற வைப்பதும் எண்ணெய்தான். அந்தச் சூட்டை எல்லாம் வாரிக்கொண்டு தொட்டிக்கு வரும் எண்ணெய் எங்கே போய் ஆறும்? அதற்காகத்தான் கூலர். 15டபிள்யூ-40 எண்ணெயின் கெட்டித்தன்மை 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்குக்கு மேல். 100 டிகிரியில் அது 14 அளவுக்கு இறங்கிவிடும். 130 டிகிரியில் அதிலும் பாதி. பேரிங்குக்கும் க்ராங்குக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் அந்த அளவுக்கு மெலிந்தால் இரும்பும் செம்பும் உரசிக்கொள்ளும். அது போதாதென்று, ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் எண்ணெய் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. 4,000 கிலோமீட்டரில் எண்ணெய் தாராக மாறியதில் மர்மம் எதுவும் இல்லை.

இரண்டாவது பதில்: "அது லீக் ஆகும் சார். எண்ணெய் தண்ணியில கலந்துடும். எடுத்துட்டா தொல்லை விட்டது." இதில் பாதி நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். பழைய கூலர் உள்ளே ஓட்டை விழுந்தால், வண்டி ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால் ரேடியேட்டரில் எண்ணெய் மிதக்கும். நிறுத்திய பிறகு சூடான தண்ணீரின் அழுத்தம் மிஞ்சி நின்று, தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கும். மூடியைத் திறந்தால் மோர்க்குழம்பு மாதிரி தெரியும். தொல்லைதான். ஆனால் இதற்கு வைத்தியம் புது கூலர், புது ஓ-ரிங். பழைய ஓ-ரிங்கையே துடைத்து மறுபடி போட்டுவிட்டு, லீக் ஆனதும் கூலரின் மேல் பழி போடுகிறார்கள். பல் வலிக்கிறது என்று போனவனுக்குத் தாடையை எடுத்துவிட்டு "இனி வலிக்காது" என்று சொல்வதா?

மூன்றாவது பதில்: "இடம் இல்லை சார்." இது ஒன்றுதான் உண்மையான கஷ்டம். பிறந்த வீட்டில் இருந்த இடம் புகுந்த வீட்டில் இன்ஜினுக்குக் கிடைக்காது. ஆனால் வழி இல்லாமல் இல்லை. இரண்டாவது பட்டறையில் அந்தப் பெரியவர் செய்ததைச் சொல்கிறேன். ஃபில்டர் இருந்த இடத்தில் இரண்டு துளை உள்ள ஒரு தட்டையான மூடியை லேத்தில் கடைந்து போட்டார். ஃபில்டரை ஹோஸ் வழியாகப் பக்கத்துத் தகட்டில், கை எட்டும் இடத்தில் வைத்தார். முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டரின் கீழ்ப்பாதி மட்டும் மறையும்படி, காற்றில் ஆறும் கூலர் ஒன்றை ரப்பர் வைத்து முடுக்கினார். நடுவே தெர்மோஸ்டாட். இரண்டு நாள் வேலை. அரை மணி நேரத்தில் முடியாது என்பது உண்மை. இரண்டு நாள் கூலியை முதலிலேயே கேட்டிருந்தால் அவன் கொடுத்திருப்பான்.

சரி, ஆயில் கூலர் வேண்டும் என்று சொல்கிறேனே தவிர, எப்படியாவது ஒன்றை மாட்டினால் போதும் என்று சொல்லவில்லை. எதிர்ப்பக்கத்துப் பைத்தியக்காரத்தனமும் இருக்கிறது. இளைஞர்கள் சிலர் பந்தயக் காரில் பார்த்துவிட்டு, பளபளவென்று பெரிய கூலர் ஒன்றை முன்னால் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். தெர்மோஸ்டாட் கிடையாது. கார்த்திகை மழையில் கடைத்தெரு வரை போய் வரும் வண்டியில் எண்ணெய் சூடே ஏறாது. சூடு ஏறாவிட்டால் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாது. அதுவும் இன்ஜினைத் தின்னும். எண்ணெய்க்கும் ஒரு பதம் உண்டு. 90-லிருந்து 110 டிகிரிக்குள் இருந்தால் நல்லது.

ஹோஸ் விஷயம் அதைவிட மோசம். ரேடியேட்டர் தண்ணீருக்குப் போடும் ரப்பர்க் குழாயை எண்ணெய்க்குப் போட்டு, மேலே கிளிப் இறுக்கியிருப்பதை என் கண்ணால் பார்த்தேன். தண்ணீர்க் குழாயின் அழுத்தம் ஒரு பார் சுமார். எண்ணெய் நாலைந்து பார், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது இன்னும் அதிகம். அந்தக் குழாய் கழன்றால் ஒரு நிமிடத்துக்குள் எண்ணெய் முழுவதும் ரோட்டில் இருக்கும். ஹைட்ராலிக் ஹோஸ் கடைகளில் முனையை இயந்திரத்தில் அழுத்தித் தருகிறார்கள். அதைத்தான் போட வேண்டும், எங்கும் உரசாமல் பிடித்துக் கட்டவும் வேண்டும். கூலரின் வாய்கள் மேலே பார்த்திருந்தால் காற்று உள்ளே தங்காது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் கூலரில் எண்ணெய் நிரப்பி, டீசலை நிறுத்தி வைத்துச் செல்ஃபை மட்டும் சுற்றி, விளக்கு அணைந்த பிறகுதான் இன்ஜினை ஓட விட வேண்டும். ஓடவிட்டு நிறுத்தி அளவுக்கம்பியை மறுபடி பார்த்து, கூலரும் ஹோஸும் குடித்த எண்ணெயை ஈடுகட்ட வேண்டும்.

இன்னொன்று. பழைய இன்ஜினோடு வரும் பழைய கூலரை, அந்த இன்ஜின் எப்படிச் செத்தது என்று தெரியாமல் திரும்ப மாட்டக் கூடாது. பேரிங் போன இன்ஜினின் உலோகத் தூள் அந்த மெல்லிய அறைகளில் ஒளிந்திருக்கும். பெட்ரோல் ஊற்றிக் குலுக்கினாலும் முழுசாக வராது. புது பேரிங் போட்ட மறுநாள் அது வெளியே வந்து தன் வேலையைக் காட்டும்.

இந்தச் சாமானின் பெயரிலேயே ஒரு கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. "கூலர்" என்றதும் நமக்கு ஏர் கூலர் ஞாபகம் வருகிறது. இருந்தால் சுகம், இல்லாவிட்டாலும் விசிறி இருக்கிறது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கிய சொல்தா ஒருவரிடம் பெழோ 404 கார் இருந்தது. அதன் புத்தகத்தைப் படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார். எண்ணெய் மாற்றுவதற்கு "விதான்ழ்" என்ற சொல்லையே நான் அவர் வீட்டுத் திண்ணையில்தான் கற்றேன். பிரெஞ்சுக்காரன் ஆயில் கூலரை "ரதியாத்தேர் துவீல்" என்பான். எண்ணெயின் ரேடியேட்டர் என்று அர்த்தம். தண்ணீரின் ரேடியேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு "நம்ம ஊருக்குத் தேவையில்லை சார்" என்று சொல்ல எந்த மெக்கானிக்குக்காவது துணிச்சல் வருமா? எண்ணெயின் ரேடியேட்டரைக் கழற்ற மட்டும் வருகிறது.

பட்டறைக்காரர்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. வாசலில் நின்று பேரம் பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். "அடுத்த தெருவில் இதைவிடப் பத்தாயிரம் குறைவு" என்று சொன்னால், அந்தப் பத்தாயிரம் எங்கிருந்தோ குறைய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பெயின்ட்டில் குறையாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறையும். ஒரு மெக்கானிக் "இதற்கு இரண்டு நாள் கூடுதல் கூலி ஆகும்" என்று உண்மையைச் சொன்னால் அவரை ஏமாற்றுக்காரன் என்று நினைக்கிறோம். சொல்லாமல் கழற்றுகிறவரைக் கெட்டிக்காரன் என்கிறோம்.

ஆனாலும் என் கோபத்தின் மையம் கூலர் இல்லை, மறைத்தது. கூலரைக் கழற்றுவது ஒரு முடிவு. அந்த முடிவை எடுக்க வண்டிக்காரனுக்குத்தான் உரிமை. "இடிக்கிறது, கழற்றினால் இவ்வளவு, மாற்றி வைத்தால் இவ்வளவு, கழற்றினால் மலைக்குப் போகாதே" என்று சொல்லிவிட்டு அவன் சம்மதத்தோடு கழற்றியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் அலுவலகத்தில் கால் உடைந்த ஒரு நாற்காலியைக் கண்டெம் செய்ய மூன்று கையெழுத்து வேண்டும். எப்போது வாங்கியது, ஏன் கழிக்கிறோம், கழித்த பிறகு எங்கே போனது என்று பதிவேட்டில் ஏறினால்தான் நாற்காலி வெளியே போகும். அப்போது எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், அரசாங்கத்துக் குமாஸ்தா புத்தி என்று. ஆறு பேர் உயிரைச் சுமக்கும் வண்டியிலிருந்து ஒரு பாகம் வெளியே போவதற்கு ஒரு கையெழுத்துகூட வேண்டாம் என்றால், அந்தக் குமாஸ்தா புத்தி கொஞ்சம் பட்டறைக்கும் போகட்டும் என்கிறேன். பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் எண்ணுக்கு இடம் இருக்கிறது. இன்ஜினோடு வந்ததில் எதெல்லாம் காணாமல் போனது என்பதற்கு இடம் இல்லை. அதை நாம்தான் எழுதி வாங்க வேண்டும்.

ஆகவே வேலை ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயம் பேசி, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வந்த இன்ஜினில் என்னென்ன பொருத்தியிருந்தது என்ற பட்டியல், போனில் எடுத்த படங்களோடு. கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி, காரணத்தோடு. கழற்றிய சாமான் அத்தனையும் ஒரு சாக்கில் போட்டு உங்கள் கையில். எண்ணெய் அழுத்தம், எண்ணெய் சூடு இரண்டுக்கும் தனி முள் வைக்கச் சொல்லுங்கள், விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல மெக்கானிக் இதற்கு மறுக்க மாட்டார், நாளைக்கு அவரைக் காப்பாற்றப் போவதும் அதே தாள்தான். மறுக்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

தங்கை மகன் இந்த வருடம் மறுபடி ஏற்காடு போனான். 20 வளைவும் ஏறி முடிக்கும் வரை எண்ணெய் சூடு 105-ஐத் தாண்டவில்லை என்று போனில் சொன்னான். முதல் பட்டறைக்காரர் ஒரு ரூபாயும் திருப்பித் தரவில்லை. கூலர் எங்கே என்று கடைசியாகக் கேட்டதற்கு, "பழைய இரும்புல போயிருக்கும் சார்" என்றார். அந்த இரும்புக்கு எவ்வளவு வந்தது என்பதும் பில்லில் இல்லை.